இரண்டாவது ஆள்

ஹோனஸ் வாக்னர் அட்டையின் அகலம் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். உயரம் ஆறேமுக்கால் சென்டிமீட்டரை எட்டாது. ஆரஞ்சு நிறப் பின்புலத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் மார்பளவுப் படம், சட்டையில் பிட்ஸ்பர்க் என்று ஊர்ப்பெயர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளுக்குள் செருகிக் கொடுத்த வரிசையில் இதுவும் ஒன்று. வாக்னர் தன் படத்தைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அட்டைக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் சிகரெட் வாங்குவார்கள் என்று பதறினார் என்பது ஒரு கதை. தனக்குக் காசு தரவில்லை என்று கோபித்துக்கொண்டார் என்பது இன்னொன்று. எப்படியோ அச்சு நின்றது. இன்றைக்கு ஐம்பது, அறுபது அட்டைகள்தான் மிஞ்சியிருப்பதாகச் சேகரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த ஐம்பது அறுபதிலும் ஒன்று மட்டும் தனி. மற்றவையெல்லாம் மடங்கி, கிழிந்து, முனை மழுங்கிக் கிடக்க, இது மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தது. பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 1985இல் அதை 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டு வருடத்தில் 1,10,000க்கு விற்றார். 1991இல் சாத்பீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். (மெக்நால் பிறகு வங்கி மோசடிக்காகச் சிறைக்குப் போனார், அது வேறு கதை.) 1996இல் கிறிஸ்டீஸில் 6,40,500. 2000இல் ஈபே தளத்தில் 12,65,000. 2007ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை கைமாறி, கடைசியில் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான கென் கெண்ட்ரிக்கிடம் 28 லட்சம் டாலருக்குப் போய்ச் சேர்ந்தது. தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண் போட்டுத் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம், இதற்குத்தான் தன் முதலாவது சான்று எண்ணைக் கொடுத்தது. பத்துக்கு எட்டு மதிப்பெண்.

2013 அக்டோபரில் சிகாகோ நீதிமன்றத்தில் மாஸ்ட்ரோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த அட்டையின் ஓரங்களை வெட்டியவர் அவர்தான். கூர்மைக்குக் காரணம் காலமல்ல, கத்தி. இந்தச் சந்தேகம் ஊரறிந்ததுதான். 2007இலேயே 'தி கார்டு' என்ற பெயரில் ஒரு புத்தகம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயாலேயே வந்தபோது அதுதான் எல்லா இடத்திலும் தலைப்புச் செய்தி.

தலைப்புச் செய்தி ஆகாதது இன்னொன்று. மாஸ்ட்ரோவையும் அவருடைய சகாக்களையும் சிறைக்கு அனுப்பிய வழக்கின் நடுநாயகம் வெட்டிய அட்டை அல்ல. ஏலத்தில் ஆள் வைத்துக் கேட்டது. மாஸ்ட்ரோ ஆக்ஷன்ஸ் விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்தில் அமெரிக்காவின் முன்னணிக் கடை. 2009இல் மூடும்வரை பல ஆண்டுகள் அங்கே போலிக் கணக்குகளிலும் வேண்டப்பட்டவர்களின் பெயரிலும் கேள்வி போட்டு விலையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தப்பித்தவறி அந்தப் போலி ஆளே ஏலத்தில் ஜெயித்துவிட்டால் அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. கடையின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்ன குற்றத்துக்காகத் தனியே மாட்டினார். மாஸ்ட்ரோவுக்கு 2015 ஆகஸ்டில் 20 மாதச் சிறை. கடையின் தலைவராக இருந்த டக் ஆலனுக்கு அடுத்த ஆண்டு 57 மாதம். எல்விஸ் பிரெஸ்லியின் தலைமுடி, 1869ஆம் ஆண்டு சின்சினாட்டி அணியின் வெற்றிப் பந்து என்று சந்தேகத்துக்குரிய சில்லறைச் சரக்குகளும் குற்றப்பத்திரிகையில் இருந்தன.

வெட்டிய அட்டை ஒன்றே ஒன்று. அதை ஏமாந்து வாங்கியவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களில் திரும்ப விற்றவர்கள் எல்லோருமே லாபத்தோடுதான் வெளியே வந்தார்கள். ஆள் வைத்துக் கேட்டதில் ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது. தாங்கள் ஏமாந்தோம் என்பதே தெரியாமல், ஜெயித்துவிட்டோம் என்று பொருளைச் சுவரில் மாட்டிவைத்திருப்பவர்கள் அவர்கள். எனக்கு இந்த இரண்டாவது குற்றம்தான் ஆழமானதாகத் தோன்றுகிறது. கத்தி ஒரு காகிதத்தின் விளிம்பைத்தான் பொய்யாக்கியது. போலிக் கேள்வி இன்னொரு மனிதனின் ஆசையையே பொய்யாக உண்டாக்கிவிடுகிறது.

ஏலத்தில் விலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு கையுறையை எடுக்க ஒருவர் பத்தாயிரம் டாலர்வரை போகத் தயார், இன்னொருவர் மூவாயிரத்தோடு நிற்பார் என்றால், அது மூவாயிரத்துச் சொச்சத்துக்கு முதலாமவரிடம் போகும். அவருடைய பத்தாயிரம் வெளியே தெரியவே தெரியாது. விலை என்று நாம் சொல்வது தோற்றவர் நின்ற இடத்தைத்தான். யாரோ ஆடிய ஆட்டத்தில் யாரோ போட்டுக் கிழிந்த சட்டைக்கு வேறெந்தப் பயனும் கிடையாது; அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது. மரடோனா 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அணிந்த சட்டை 2022இல் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்தத் தொகைக்கு ஒரே ஒரு பித்தர் போதாது, குறைந்தபட்சம் இரண்டு பேர் வேண்டும். வாங்கியவர் தன் பித்துக்குப் பணம் கொடுத்தார். அந்தப் பித்து தனக்கு மட்டுமானதல்ல என்பதற்கான சாட்சியும் அந்தப் பணத்தில் அடக்கம். இரண்டாவது ஆள்தான் சாட்சி.

நம் ஊரில் மனை பார்க்கப் போனவர்களுக்கு இந்த இரண்டாவது ஆளைத் தெரியும். "நேத்துகூட ஒரு பார்ட்டி வந்து, அட்வான்ஸே குடுத்துடறேன்னு நின்னாரு சார், நாந்தான் உங்களுக்காக நிறுத்தி வச்சிருக்கேன்" என்று புரோக்கர் சொல்வார். அந்தப் பார்ட்டிக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது. கேட்பவரும் அவரைப் பாதிதான் நம்புவார், அந்தப் பாதியையும் பேரத்தில் கழித்துவிடுவார். இணைய ஏலத்தில் அதே பார்ட்டி கணக்கு எண்ணோடு, தேதியோடு, மணி நிமிடம் நொடியோடு வந்து நிற்கிறார். பதிவேட்டில் ஏறிவிட்ட ஆளைக் கழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இரண்டாவது ஆள் விலையைத் தீர்மானிப்பதை ஒரு கோட்பாடாக எழுதியவர் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர். 1961இல் எழுதினார். எல்லோரும் தங்கள் உச்சத் தொகையை மூடிய உறையில் கொடுக்கட்டும்; அதிகம் எழுதியவர் ஜெயிக்கட்டும்; ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவதாக வந்தவரின் தொகையை. இப்படிச் செய்தால் யாருக்கும் பொய் சொல்லத் தேவையிருக்காது, மனதில் இருப்பதை அப்படியே எழுதலாம் என்றார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துபோனார்.

சேகரிப்பாளர்கள் இதை அவருக்கு வெகுமுன்பே கண்டுபிடித்திருந்தார்கள். மாசசூசெட்ஸின் நார்தாம்டன் ஊரில் 1893இலேயே தபால்தலை வியாபாரிகள் அஞ்சல் வழியாக இப்படி ஏலம் நடத்தினார்கள். நேரில் வர முடியாதவர் தன் உச்சத் தொகையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே வைத்து அவருக்குக் கொடுப்பார்கள். இன்றைக்கு ஈபேயில் 'அதிகபட்சம் எவ்வளவு' என்று கேட்கும் பெட்டி அந்தக் கடிதத்தின் வாரிசு. நீங்கள் 500 என்று எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். யாராவது 300 கேட்டால் உங்கள் சார்பில் இயந்திரம் 305 சொல்லும்.

இந்த ஏற்பாடு ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: உறைக்குள் இருக்கும் எண் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விக்ரிக்கும் தபால்தலைக்காரர்களுக்கும் முன்னோடி ஒருவர் இருக்கிறார். மகாகவி கதே. 1797 ஜனவரியில் அவருடைய 'ஹெர்மன் உண்ட் டொரோத்தேயா' காவியத்தைப் பெர்லின் பதிப்பாளர் ஃபீவெக் கேட்டார். தன் எழுத்துக்குப் பதிப்பாளர்கள் உண்மையில் என்ன மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்பது கதேவுக்கு வெகுநாளாகத் தெரியாத விஷயம். கணக்குப் புத்தகம் அவர்களிடம் இருந்தது, இவரிடம் இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார். தான் எதிர்பார்க்கும் தொகையை எழுதி முத்திரையிட்டு, பேட்டிகர் என்ற இடையாளிடம் கொடுத்தார். ஃபீவெக் அதற்குக் குறைவாகக் கேட்டால் பேச்சு முறிந்தது, உறையைப் பிரிக்கவே வேண்டாம். அதிகமாகக் கேட்டால் உறையில் இருக்கும் தொகையை மட்டும் கொடுத்தால் போதும். பதிப்பாளருக்கு இதில் நஷ்டமே இல்லை, கதேவுக்கோ அவர் மனதில் இருந்த எண் தெரிந்துவிடும்.

உறைக்குள் இருந்தது ஆயிரம் தாலர். ஃபீவெக் கேட்ட தொகையும் அச்சுப் பிசகாமல் ஆயிரம் தாலர். பேட்டிகர் முன்கூட்டியே வாயை விட்டிருந்தார்.

கதேவுக்கு இதில் பண நஷ்டம் இல்லை, அவர் கேட்டது கிடைத்தது. போனது அவர் தெரிந்துகொள்ள விரும்பிய ஒன்று. இதைத்தான் ஆள் வைத்துக் கேட்பதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் புரிந்துகொள்வதில்லை. அவர்கள் வாதம் எப்போதும் ஒன்றே: "ஐந்நூறு வரைக்கும் கொடுப்பேன்னு நீங்கதானே எழுதினீங்க? நானூத்தித் தொண்ணூத்தஞ்சுக்குக் கிடைச்சிருக்கு. அஞ்சு டாலர் மிச்சம்தானே, என்ன நஷ்டம்?" ஐந்நூறு என்று எழுதியவர் தன் மனதைத் திறந்தது ஒரு இயந்திரத்திடம், ஒரு நிபந்தனையின் பேரில். எதிரே நிஜமாக யாராவது இருந்தால் மட்டும் அந்த எண்ணைத் தொடலாம் என்பது நிபந்தனை. யாரும் இல்லாத அறையில் அவர் தன்னோடு தானே போட்டி போட்டிருக்கிறார். மாஸ்ட்ரோ கடையில் வாடிக்கையாளர்கள் விட்டுவைத்த உச்சத் தொகைகள் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். இடையாளே உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து இன்னொரு குரலில் பேசிய கதை அது.

உள்ளே இருப்பவருக்கு எண் தெரியும். வெளியே இருக்கும் விற்பனையாளருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி உண்டு. ஒரு அட்டை 305 டாலரில் நிற்கிறது, அதன்மேல் உங்கள் உச்சத் தொகை 500 மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கு வந்து ஒரேயடியாக 600 போடும். விலைப் பலகை 510 என்று காட்டும். ஐந்நூறுக்கு மேல் ஒரு படி பத்து டாலர் என்பது விதி. ஆக உங்கள் எண் 500 என்று தெரிந்துவிட்டது. அடுத்த நிமிடம் அந்தக் கணக்கு கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். காரணம் என்ன என்று தளம் கேட்கும். 'தொகையைத் தவறாகத் தட்டிவிட்டேன்.' பலகை மறுபடி 305. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு வேறொரு கணக்கு வந்து 490 போடும். உங்கள் சார்பில் இயந்திரம் 495 சொல்லும். அத்தோடு சரி, அதன்பின் யாரும் வரமாட்டார்கள். மறுநாள் காலையில் வாழ்த்து மின்னஞ்சல் வந்திருக்கும்.

ஏலம் முடிந்தபின் அந்தக் கேள்விப் பட்டியலை உட்கார்ந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள்; ஒரு வகை மனிதர்களுக்கு அதுவே பொழுதுபோக்கு. பெயரிலிருந்து இரண்டு எழுத்து, நடுவில் மூன்று நட்சத்திரக் குறி. அடைப்புக்குறிக்குள் அந்தக் கணக்கு இதுவரை பெற்ற மதிப்பீடுகளின் எண்ணிக்கை, பெரும்பாலும் பூஜ்யம் அல்லது ஒன்று. சொடுக்கினால் கடந்த முப்பது நாளில் எத்தனை கேள்வி, எத்தனை திரும்பப் பெற்றது, இந்த விற்பனையாளரிடம் மட்டும் எத்தனை சதவீதம் என்று விவரம் வரும். நூறு சதவீதம் என்று வந்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதே ஆள் வாராவாரம் அதே கடையில் கேட்டு, வாராவாரம் தோற்றுக்கொண்டே இருந்தால் சந்தேகம் முற்றும். இதற்கெல்லாம் மேல் ஒரு தடயம் உண்டு. தரச்சான்று வாங்கிய ஒவ்வொரு அட்டையின் உறையிலும் தனி எண் இருப்பதால், போன மாதம் 4,000க்கு 'விற்ற' அட்டையே இந்த மாதம் அதே எண்ணோடு மறுபடி ஏலத்துக்கு வந்தால், அதைப் பிடித்துவிடலாம். ஆள் வைத்தவர் அளவு தெரியாமல் ஏற்றி, தன் சரக்கைத் தானே எடுத்துக்கொண்ட கதை.

ஆனால் இந்தத் தடயங்களில் எதுவும் சாட்சியம் ஆகாது. சந்தேகத்தோடு வாழ்வதில் இருக்கும் கஷ்டமே இதுதான். புதிதாக வந்த பையன் ஒருவன், உச்சத் தொகை என்ற ஏற்பாடே புரியாமல், ஐந்து ஐந்து டாலராகக் கூட்டிக்கொண்டே போவான். பார்ப்பதற்கு அப்படியே எண்ணைத் துழாவுகிறவன் மாதிரி இருக்கும். ஒரே ஒரு ஆட்டக்காரரின் அட்டைகளை மட்டும் சேர்ப்பவர், அவற்றை அதிகம் விற்கும் ஒரே கடையில்தான் கேட்பார். கஞ்சராக இருந்தால் எப்போதும் தோற்கவும் செய்வார். நூறு சதவீதம், எல்லாம் தோல்வி. பட்டியலில் அவரும் எடுபிடி ஆளும் ஒரே முகம். எடுத்தவர் பணம் கட்டாமல் ஓடிவிட்டாலும் அட்டை அதே எண்ணோடு திரும்பி வரத்தான் செய்யும். பெயர்களை நட்சத்திரக் குறியால் மறைத்தது மோசடிக்காரர்களிடமிருந்து வாங்குபவர்களைக் காப்பதற்காக. மோசடியைக் கண்டுபிடிக்கக்கூடிய கண்களையும் அது சேர்த்தே மறைத்துவிட்டது. எந்தக் கணக்கு எந்தக் கணினியிலிருந்து வந்தது, யாருடைய கார்டில் பணம் கட்டியது என்பதெல்லாம் தளத்துக்கு மட்டும் தெரியும். தளத்துக்கோ விற்கும் விலையில் பங்கு.

சட்டம் இதைப் பழைய குற்றமாகத்தான் பார்க்கிறது. 1776இல் லண்டனில் பெக்ஸ்வெல் என்பவர் ஒரு குதிரையை ஏலத்துக்கு அனுப்பி, 15 பவுண்டுக்குக் குறைந்து விட்டுவிடாதே என்று ஏலக்காரரிடம் சொல்லியிருந்தார். குதிரை அதைவிடக் குறைவாகப் போய்விட்டது. ஏலக்காரர்மேல் வழக்குப் போட்டார். ஏலக்காரர் பெயர் கிறிஸ்டி. விற்பவருக்காக ஏலக்காரர் ரகசியமாகக் கேள்வி போட்டு விலையைத் தூக்கியிருந்தால் அதுதான் மோசடி, போடாதது குற்றமில்லை என்று மேன்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். அந்த வழியில் வந்ததுதான் நம்முடைய 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும்: முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தானோ ஆள் வைத்தோ கேட்கக்கூடாது, பொய்க் கேள்வியால் விலையை ஏற்றியிருந்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பு இன்னொரு வழியும் தருகிறது. பொருளை வைத்துக்கொண்டு, கடைசியாக வந்த நேர்மையான கேள்வியின் விலையை மட்டும் கொடுக்கலாம்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் 'கடைசி நேர்மையான கேள்வி' எது? 1,000இல் இரண்டு நிஜ ஆட்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள், இருவரும் சலித்துப்போய் விடப் பார்க்கிறார்கள். நடுவே போலி ஆள் 1,500 போடுகிறார். 'இன்னொருத்தனும் வந்துட்டானே, இதில் ஏதோ இருக்கு' என்று இருவருக்கும் புது வேகம் வந்து 3,000வரை ஓடுகிறார்கள். போலி ஆள் 1,500க்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அந்த 3,000 நேர்மையான கேள்வியா? போட்டவரின் மனதில் அது நூறு சதவீதம் நிஜம், அவருக்கு ஆசை இருந்தது, பணமும் இருந்தது. அந்த ஆசை ஒரு பொய்யைப் பார்த்துப் பிறந்தது. அதை வெட்டி எடுத்து, இதுவரை நிஜம் இதற்குமேல் பொய் என்று கோடு போட எந்த நீதிபதியிடமும் அளவுகோல் இல்லை.

பெரிய ஏல மண்டபங்கள் நல்ல பிள்ளைகள் என்று சொல்லவும் முடியாது. விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டும்வரை ஏலக்காரர் காற்றில் கேள்விகளைப் பொறுக்கிக் கூவுவது அங்கே பழைய வழக்கம். கூரையில் தொங்கும் சரவிளக்கைக் காட்டி 'அதோ அவர் கேட்கிறார்' என்பதுபோல. அறிவித்துவிட்டுச் செய்தால் சட்டம் அதைத் தடுப்பதில்லை. குறைந்தபட்ச விலைக்குக் கீழே சரவிளக்கு கேட்டால் மரபு, மேலே கேட்டால் குற்றம். எனக்கு இந்த வேறுபாடு புத்திக்குப் புரிகிறது, மனதுக்கு ஒட்டவில்லை.

இந்த நோயின் சேதம் ஒரு ஏலத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அட்டை வியாபாரம் இன்று முந்தைய விற்பனைகளின் பதிவேட்டைப் பார்த்துத்தான் நடக்கிறது. பழைய விலைகளைத் தொகுத்துக் கட்டணத்துக்குத் தரும் சேவைகள் இருக்கின்றன. பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்றை விற்கப்போகிறவர் கடைசியாக அதே தரத்தில் ஒன்று என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பார், வாங்கப்போகிறவரும் அதையே பார்ப்பார். பணமே கட்டப்படாத ஒரு விற்பனை பதிவேட்டில் ஒரு வரியாக உட்கார்ந்துவிட்டால், அதைப் பார்த்து நேர்மையான இருவர் நேர்மையாக ஒரு பேரத்தை முடிப்பார்கள். அது அடுத்த வரியாகும். மூன்று கைமாறினால் முதல் பொய் கரைந்து காணாமல் போயிருக்கும், விலை மட்டும் நிற்கும். அதனால்தான் ஆள் வைத்துக் கேட்பவர் அந்தச் சரக்கை விற்பவராகவே இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அதே அட்டையை நூறு வைத்திருப்பவர் யாரோ ஒருவர் விற்கும் ஒன்றை ஏற்றிவிட்டால் போதும். அவர் அதை உண்மையாகவே பணம் கொடுத்து வாங்கியும்விடுவார். எந்தச் சட்டத்திலும் அகப்படமாட்டார்.

கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த அமெரிக்கர்கள் பரண்மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை இறக்கியபோது இந்தச் சந்தை வெறிபிடித்து ஓடியது. 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ.வே தாக்குப்பிடிக்க முடியாமல் பெரும்பாலான புதிய அட்டைகளைத் தரம் பார்க்க ஏற்பதை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஈபே, தன் தளத்தின் மிகப்பெரிய அட்டை விற்பனையாளர்களில் ஒன்றான பி.டபிள்யூ.சி.சி. நிறுவனத்தை வெளியேற்றியது. அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய சிலர் போலிக் கேள்விகள் போட்டார்கள் என்பது ஈபேயின் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. தன் சொந்தத் தளத்தில் ஏலத்தைத் தொடர்ந்தது. இரண்டு ஆண்டில் அதை ஃபனாட்டிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஃபனாட்டிக்ஸ்தான் டாப்ஸ் என்ற பெயரில் வரும் அட்டைகளை இப்போது அச்சடிக்கிறது. ஆக அச்சடிப்பவரும் ஏலம் விடுபவரும் ஒரே வீட்டார். தரம் போடும் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனம் 2021இல் கோல்டின் என்ற ஏலக் கடையை வாங்கி, 2024இல் அதை ஈபேக்கு விற்றது. அதோடு ஈபேயின் பாதுகாப்புப் பெட்டகத் தொழில் பி.எஸ்.ஏ. பக்கம் வந்தது. பெட்டகத்தில் இருக்கும் அட்டையை அடமானம் வைத்துக் கடன் தருகிறவர்களும் இருக்கிறார்கள்; கடனுக்கான மதிப்பை எங்கே பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இவர்களில் யாரும் தப்பு செய்வதாக நான் சொல்லவில்லை. மாஸ்ட்ரோ ஒரு கடைக்குள் வைத்திருந்த கதவுகளெல்லாம் இப்போது ஒரே தெருவுக்குள் வந்துவிட்டன என்பதைத்தான் சொல்கிறேன்.

அனுபவசாலிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், தங்கள் உச்சத் தொகையை எங்கும் எழுதுவதில்லை. ஈபேயில் ஏலம் முடியக் கடைசி நான்கைந்து நொடி இருக்கும்போது ஒரே ஒரு கேள்வியாகப் போடுகிறார்கள். எண்ணைத் துழாவ எதிராளிக்கு நேரமில்லை. ஆள் வைத்தவர் அதற்குள் ஏற்றி முடித்திருந்தால் உண்டு. பெரிய ஏலக் கடைகளில் இது பலிக்காது. அங்கே முடிவு நேரம் வந்தபின் பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ புதுக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஏலம் மூடும். இடையில் ஒருவர் கேட்டால் கடிகாரம் மறுபடி தொடங்கும். நடு இரவைத் தாண்டியும் ஆட்கள் கண் சிவக்க உட்கார்ந்திருப்பார்கள். கடைகள் இதைச் சமவாய்ப்பு என்கின்றன. ஆள் வைப்பவருக்கும் அதே சமவாய்ப்பு கிடைக்கிறது.

கடைசி நான்கு நொடிக்காக அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருக்க எல்லோராலும் முடியாது. அதற்கென்றே தனிச் சேவைகள் வந்திருக்கின்றன. உங்கள் ஈபே கணக்கின் பெயர், கடவுச்சொல், அந்தப் பொருளுக்கு நீங்கள் போகத் தயாரான உச்சத் தொகை ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் போதும். நேரம் வந்ததும் அவர்கள் போட்டுக்கொள்வார்கள். ஈபேயிடம் சொல்லத் தயங்கிய எண்ணை, முகம் தெரியாத ஒரு மூன்றாவது ஆளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்கள் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.